கலைவிழா நடத்தினால் ஊருக்கு ஆள் திரும்புமா?

ஏரிக்கரை:

வணக்கம். எங்கள் ஊர் வந்தவாசிக்கும் செய்யாற்றுக்கும் நடுவில். பேர் வேண்டாம், ஊர்க்காரர்கள் இங்கேயும் இருப்பார்கள்.

நெல், மல்லாட்டை, கொஞ்சம் கரும்பு. விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து வயசுப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்விட்டால் ராத்திரி வரைக்கும் ஊரில் கிழவன், கிழவி, ஆடு மாடுதான். கோயில் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. தொடக்கப்பள்ளியில் பிள்ளைகள் எண்ணிக்கை வருஷா வருஷம் குறைகிறது, எப்போது பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்களோ என்று பேச்சு.

சென்னை, பெங்களூரில் இருக்கும் எங்கள் செட்டு ஆட்கள் சேர்ந்து பொங்கலுக்கு ஒரு கலைவிழா நடத்தலாம் என்கிறோம். ஒருத்தன் எல்லாச் சுவரிலும் ஓவியம் வரையணும், ஆட்கள் செல்ஃபி எடுக்க வருவார்கள் என்கிறான். இன்னொருத்தன் ஆர்கெஸ்ட்ரா போதும் என்கிறான். ஜப்பானில் கலைவிழா நடத்தி அழிந்துகொண்டிருந்த கிராமங்களை மீட்டிருக்கிறார்கள் என்று எங்கேயோ படித்தேன். பெரியவர்களிடம் சொன்னால், "முதல்ல ஒன்பது மணி டவுன் பஸ்ஸைத் திருப்பி விடச் சொல்லு" என்கிறார்கள்.

உண்மையிலேயே இதனால் ஊருக்கு ஏதாவது நடக்குமா? விழா முடிந்த மறுநாள் என்ன மிஞ்சும்? பார்த்தவர்கள், செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

நீகாதாவாசி:

நீங்கள் படித்தது அநேகமாக எச்சிகோ-சுமாரி விழாவைப் பற்றித்தான் இருக்கும். நான் நகாவோக்காவில் ஒரு இயந்திர உதிரிபாகக் கம்பெனியில் இருக்கிறேன். விழா நடக்கும் மலைப்பகுதி இங்கிருந்து காரில் ரொம்ப தூரமில்லை. சும்மா பார்க்கப் போய், அப்புறம் சனி ஞாயிறுகளில் எடுபிடி வேலைக்குப் போக ஆரம்பித்தவன். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடம் நீகாதா மாகாணத்தில் தொகாமாச்சி நகராட்சியும் சுனான் ஊரும். மொத்தம் 760 சதுர கிலோமீட்டர், இருநூறுக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன ஊர்கள். குளிர்காலத்தில் பனி மூன்று மீட்டருக்கு மேல் ஏறும். கீழ் மாடி ஜன்னலைப் பலகை வைத்து அடைத்துவிடுவார்கள். மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய வயலில் நெல், தொகாமாச்சியில் கிமோனோ நெசவு, இரண்டும்தான் பிழைப்பு. நெசவு படுத்தது. பிள்ளைகள் தோக்கியோவுக்குப் போனார்கள். வயதானவர்களால் கூரைப் பனியைத் தள்ள முடியவில்லை, வீட்டைப் பூட்டினார்கள். பூட்டிய வீடு இரண்டு குளிர்காலம் தாங்கினால் அதிகம். உங்கள் ஊர்க் கதையோடு பனியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே 2000-இல் முதல் விழா. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை. கொரோனாவால் 2021 விழா மட்டும் 2022-க்குத் தள்ளிப்போனது, கடைசியாக 2024-இல் நடந்தது. நடத்துபவர் ஃப்ராம் கிதாகவா, இதே மாகாணத்துக்காரர், 1946-இல் பிறந்தவர். விழா என்று ஒன்று வருவதற்கு முன்னால் நாலு வருஷத்துக்கு மேல் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறார். உங்கள் பெரியவர்கள் பஸ் கேட்ட மாதிரி அங்கேயும் கேட்டார்கள். ரோடு போடாமல் சிலை வைக்கப்போகிறாயா என்றுதான் முதல் கேள்வியே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் பார்த்தவரை இந்த விழா வேலை செய்வதற்குக் காரணம் கலை அழகாக இருப்பது இல்லை. ஒவ்வொரு படைப்பும் யாரோ ஒரு ஊர்க்காரருடைய நிலத்திலோ வீட்டிலோ இருக்கிறது. அவரிடம் கேட்டாக வேண்டும். கேட்டால் அவர் முடியாது என்பார். அங்கேதான் விழா ஆரம்பிக்கிறது.

மாட்சுதாய் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு மலைச்சரிவு. இல்யா கபகோவும் எமிலியா கபகோவும் 2000-இல் அந்தப் படிவயல்களில் நீலத்திலும் மஞ்சளிலும் ஆள் உருவங்களை நிறுத்தினார்கள். உழுகிறவர், விதைக்கிறவர், நடுகிறவர், அறுக்கிறவர், சுமையோடு சந்தைக்குப் போகிறவர். எதிரே மேடையில் நின்று பார்த்தால் நடுவில் தொங்கும் எழுத்துகள் அந்தந்த உருவத்துக்கு மேலே வந்து உட்காரும், படிக்கிற புத்தகப் பக்கம் மாதிரி. அந்த வயல்காரர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. முன்னோர் வியர்வை சிந்திய நிலத்தில் பொம்மை எதற்கு என்பது அவர் பக்கம். உடம்பு முடியாமல் விவசாயத்தையே விடும் யோசனையில் இருந்தவர் அவர். கபகோவ் அந்த நிலத்தில் நடந்த உழைப்பையே படைப்பாக்கப் போகிறார் என்று தெரிந்ததும் சம்மதித்தார், அதற்குப் பிறகும் சில வருஷம் பயிர் வைத்தார். அவரால் முடியாமல் போனபோது விழாக்காரர்கள் வயலை எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் அதில் நெல் விளைகிறது. வயலைத் தரிசாக விட்டால் படைப்பே இல்லை என்பதால் அதை விட முடியாது.

மாட்சுதாயில் படிவயல்களுக்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. நகரத்து ஆட்கள் வருஷத்துக்கு ஒரு தொகை கட்டிப் பங்குதாரராகலாம், விளைந்த அரிசியில் பங்கு வீட்டுக்கு வரும். நடவுக்கும் அறுப்புக்கும் வந்து சேற்றில் இறங்கலாம். 2015-இல் ஒரு பெண்கள் கால்பந்து அணியையே ஆரம்பித்தார்கள். வீராங்கனைகள் அங்கேயே குடியிருந்து, வயல் வேலை பார்த்துக்கொண்டே விளையாடுகிறார்கள். ஊரில் இருபத்தைந்து வயசு ஆட்களைப் பார்ப்பதே அதிசயம் என்றிருந்த இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது தோகே என்ற சின்ன ஊரில் இருக்கும் "சட்டை உரித்த வீடு". ஆள் இல்லாத பழைய மரவீடு. நிஹோன் பல்கலைக்கழகக் கலைப்பிரிவு மாணவர்கள், குராகாகே என்ற சிற்பியின் தலைமையில், உளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய் தரை, சுவர், தூண், உத்தரம், பரண் என்று ஒரு அங்குலம் விடாமல் கொத்தியிருக்கிறார்கள். வருஷக்கணக்கில் வந்து போய்ச் செய்த வேலை, 2006-இல் திறந்தார்கள். அடுப்புப் புகை ஏறிக் கறுத்த மேல்தோலுக்கு அடியில் வெளிர் மரம். வெறுங்காலோடு நடந்தால் உள்ளங்காலில் ஒவ்வொரு கொத்தும் தட்டுப்படும். நான் ஈரத்துணி வைத்து அந்தத் தரையைத் துடைத்திருக்கிறேன். நார் நாராகத் துணி மாட்டும், சாபம் விட்டுக்கொண்டேதான் துடைக்க வேண்டும். நான் துடைப்பதைப் பார்த்துக்கொண்டே பக்கத்து வீட்டுப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து, போன மாசம் வந்தவன் இதைவிட நன்றாகத் துடைத்தான் என்றார். போகும்போது உப்பில் ஊறவைத்த வெள்ளரிக்காய் ஒரு பொட்டலம் கொடுத்தார்.

இப்படி வேலைக்கு வருகிறவர்களுக்கு "கோஹெபி-தாய்" என்று பேர், குட்டிப் பாம்புப் படை. முதல் விழாவுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் தோக்கியோ மாணவர்கள். தலைக்குச் சாயம் அடித்த பையன் கதவைத் தட்டினால் ஊர்க்காரர் திறப்பாரா? திறக்கவில்லை. திட்டு வாங்கித்தான் உள்ளே போனார்கள். புல் வெட்டுவது, டிக்கெட்டில் முத்திரை குத்துவது, குளிர்காலத்தில் பனி அள்ளுவது எல்லாம் இவர்கள் பாடு. இப்போது வெளிநாட்டில் இருந்தும் வருகிறார்கள்.

பள்ளிக்கூடம் என்று சொன்னீர்களே, அதற்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சனாதா என்ற ஊரில் பள்ளி 2005-இல் மூடியது. கடைசியில் இருந்தது மூன்று பிள்ளைகள். சித்திரக்கதை ஓவியர் சேய்சோ தாஷிமா அந்த மூன்று பேரையே கதாபாத்திரமாக்கி, கட்டடம் முழுக்க ஒதுங்கிய மரக்கட்டை, காய், கொட்டைகளால் உருவங்கள் செய்து, 2009-இல் அதைச் சித்திரக்கதை அருங்காட்சியகமாக்கினார். வகுப்பறைக்குள் நுழைந்தால் கதைக்குள் நுழைந்த மாதிரி. பள்ளி திரும்பவில்லை, ஆனால் கட்டடத்தில் விளக்கு எரிகிறது, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் ஓடுகிறார்கள். இந்தியத் தொடர்பு வேண்டுமானால் அதுவும் உண்டு: இந்த விழாவுக்கெல்லாம் பதினெட்டு வருஷம் முன்பே, 1982-இல், இதே தொகாமாச்சியில் மூடிய ஒரு பள்ளியில் தோகியோ ஹசெகாவா என்பவர் மதுபனி ஓவியங்களுக்கு ஒரு அருங்காட்சியகம் வைத்தார். பிகாரிலிருந்து கங்கா தேவி வந்து தங்கி வரைந்திருக்கிறார்.

சாப்பாட்டை விட்டுவிட்டேனே. 2004 அக்டோபரில் பெரிய நிலநடுக்கம். அதில் அடிபட்ட, 1924-இல் கட்டிய ஒரு கூரை வீட்டை 2006-இல் மண்பாண்டக் கலைஞர்களை வைத்துச் சீர்படுத்தினார்கள். அடுப்பு, கைகழுவும் தொட்டி, குளியல் தொட்டி எல்லாமே கலைஞர்கள் செய்த பீங்கான். அதில் உணவகம் நடத்துவது அந்த ஊர்ப் பெண்கள். தோட்டத்துக் காய்கறி, மலைக்கீரை, கோஷிஹிகாரி அரிசிச் சோறு. முதலில், எங்கள் வீட்டுச் சமையலுக்கு யார் காசு கொடுப்பார்கள் என்று கூச்சப்பட்டவர்கள்தான். இப்போது மதியம் போனால் வரிசையில் நிற்க வேண்டும்.

உங்கள் சுவரோவிய யோசனையைப் பற்றிக் கேட்டால்: யார் சுவர், யாரைக் கேட்டு, மழையில் உரிந்த பிறகு யார் மறுபடி பூசுவார்? இதற்குப் பதில் இருந்தால் வரையுங்கள்.

---

ஏரிக்கரை:

அண்ணா, ரொம்ப நன்றி. ஒரே மூச்சில் படித்தேன். பாட்டி, வெள்ளரிக்காய் எல்லாம் சரி. ஆனால் அங்கே மாகாண அரசு பணம் கொட்டியிருக்கும். எங்களிடம் இருப்பது வாட்ஸாப் குரூப்பும் ஆளுக்கு ஐயாயிரமும்.

---

மத்தளம்:

தம்பி, நான் கூத்து ஜமாவில் இருக்கிறவன். உங்கள் பக்கத்து ஆள்தான். ஜப்பானைப் பற்றிச் சொன்ன அண்ணனுக்கு வணக்கம், அருமையாகச் சொன்னார். ஆனால் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே புரிசை இருக்கிறது, அது கண்ணில் படவில்லையா? தெருக்கூத்துக் கலைஞர் கண்ணப்ப தம்பிரான் வழியில் வந்தவர்கள் வருஷா வருஷம் அவர் நினைவாக விடிய விடிய விழா நடத்துகிறார்கள். சென்னையிலிருந்து நாடகக்காரர்கள், எழுத்தாளர்கள் வந்து தரையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் ராஜகோபால் வாத்தியாரும் ஹன்னே அம்மாவும் 1990-இல் ஆரம்பித்த கட்டைக்கூத்துச் சங்கம் இருக்கிறது.

அதைவிட, திரௌபதி அம்மன் கோயில் பாரதம் என்றால் என்ன? பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து, அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவது, கடைசி நாள் படுகளம், சாயங்காலம் தீமிதி. துரியோதனனை மண்ணால் படுக்கப் போட ஊரே மண் சுமக்கிறது. காப்புக் கட்டிவிட்டால் பெங்களூரில் இருக்கிறவனும் லீவு போட்டு வருகிறான். ஊர் கூடுவதற்கு இதைவிட ஒன்று கண்டுபிடிக்க வேண்டுமா?

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். கலைவிழா என்று போட்டு எங்களைக் கூப்பிட்டு, கட்டியக்காரன் வந்து, ராஜா திரை விலக்கி, இருபது நிமிஷத்தில் முடியுங்கள் என்பார்கள். முகம் எழுதவே அதைவிட நேரம் ஆகும். ஒரு கலெக்டர் வந்த நிகழ்ச்சியில், முகத்தில் அரிதாரம் காய்வதற்குள் மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள்.

---

கணக்குப்பிள்ளை:

எல்லாரும் உருகுகிறீர்கள். இரண்டு கேள்வி.

ஒன்று, தொகாமாச்சி மக்கள்தொகை ஏறியதா? நான் பார்த்தவரை 2005-இல் அறுபதாயிரத்துக்கு மேல் இருந்தது, 2020-இல் ஐம்பதாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. அப்புறம் என்ன மீட்பு?

இரண்டு, மத்தளம் அண்ணனுக்கு. ஊர் கூடுகிறது என்றீர்கள். எந்த ஊர்? தெருவா, காலனியுமா? சாமி எந்தத் தெரு வரைக்கும் வருகிறது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். விழா வைத்தால் மேடை கோயில் முன்னால் போடுவார்கள். பறை அடிக்க மட்டும் காலனியிலிருந்து ஆள் வரும். இதற்குப் பேர் ஊர் மறுமலர்ச்சி என்றால் எனக்கு வேண்டாம்.

---

மத்தளம்:

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, இருக்கிற மாதிரி நடிக்கவும் மாட்டேன். சில ஊரில் மாறியிருக்கிறது, பல ஊரில் இல்லை. ஜமாவுக்குள் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வேஷம் கட்டுகிறார்கள். ஆட்டம் நடக்கும் இடம்தான் மாற மாட்டேன் என்கிறது.

---

நீகாதாவாசி:

கணக்குப்பிள்ளை, எண்ணிக்கை சரிதான். ஜனம் குறைந்துகொண்டுதான் இருக்கிறது. விழாவுக்கு வருகிறவர் எண்ணிக்கை 2000-இல் ஒரு லட்சத்து அறுபதாயிரம் சொச்சம், 2022-இல் ஐந்தே முக்கால் லட்சத்துக்குப் பக்கம். ஊர் ஜனம் அதே காலத்தில் இறங்குமுகம். ஒன்று ஏறினால் மற்றது ஏறும் என்று யாராவது திட்ட அறிக்கை எழுதினால் நம்பாதீர்கள்.

ஆனால் சின்ன அளவில் கணக்கு வேறு. ஜப்பானிலேயே செத்தோ உள்கடலில் 2010 முதல் இதே கிதாகவா நடத்தும் இன்னொரு விழா இருக்கிறது. அதில் ஓகிஜிமா என்று ஒரு குட்டித் தீவு, இருநூறு பேர்கூடத் தேறாது. செங்குத்தான சந்துகள், கார் போகாது. பாட்டிகள் சாமான் தள்ளிக்கொண்டு போகும் கைவண்டியை எடுத்து, அவரவர் இஷ்டப்படி வண்ணம் தீட்டி, பழுதுபார்த்துக் கொடுத்தார்கள் சில கலைஞர்கள். அதுதான் கலைப்படைப்பு. பாட்டி சந்தில் வண்டி தள்ளும்போது கண்காட்சி நகர்கிறது. 2013 விழாவுக்குப் பிறகு, தீவை விட்டுப் போன குடும்பங்களில் சிலர் பிள்ளைகளோடு திரும்ப வர விரும்பி, பள்ளி வேண்டும் என்று கேட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். 2014-இல் பள்ளி மறுபடி திறந்தது. வந்த ஒரு குடும்பம் நூலகம் ஆரம்பித்தது. இருநூறு பேர் ஊருக்கு நாலு குடும்பம் என்றால் பெரிய கணக்கு. ஐம்பதாயிரம் பேர் நகராட்சிக்கு அது கணக்கிலேயே வராது. இதே உள்கடலில் கூட்டம் அதிகமான நாட்களில் படகில் இடம் கிடைக்காமல் ஊர்க்காரர்களே நின்ற கதையும் உண்டு, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தெரு விஷயத்துக்கு என் அனுபவத்திலிருந்து ஒன்றுதான் சொல்ல முடியும். ஜப்பான் ஊர்ப் பிரிவினையை நம் சாதியோடு ஒப்பிடவே மாட்டேன். ஆனால் எச்சிகோ-சுமாரி ஆரம்பித்தபோது அது ஆறு தனித்தனி உள்ளாட்சி. ஒரே இடத்தில் கண்காட்சி வையுங்கள், பார்க்கிறவர்களுக்கு வசதி என்று எல்லாரும் சொன்னார்கள். கிதாகவா மாட்டேன் என்று 760 சதுர கிலோமீட்டரிலும் இறைத்தார். வேண்டுமென்றே. இரண்டு படைப்புக்கு நடுவில் நீங்கள் ஒரு ஊரைத் தாண்டியே ஆக வேண்டும், வழி கேட்டே ஆக வேண்டும். நான் முதல் தடவை போனபோது எரிச்சலாக இருந்தது, ஒரு நாளில் பத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை.

ஏரிக்கரை தம்பி, அதனால் மேடை போடாதீர்கள் என்பது என் யோசனை. மேடை போட்டால் அது யார் வாசலில் என்ற கேள்வி வந்துவிடும், முதல் வரிசை நாற்காலி யாருக்கு என்பதும் வரும். பார்க்க வருகிறவர் நடக்கிற வழியைப் போடுங்கள். அது காலனியில் ஆரம்பிக்கட்டும். சாப்பாடு அங்கே. அதற்குத் தெருக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் விழா இந்த வருஷம் வேண்டாம், பேச்சு மட்டும் நடக்கட்டும். பணத்துக்கு: அங்கே தொடக்கத்தில் மாகாணத்தின் வட்டார வளர்ச்சித் திட்டப் பணம் இருந்தது உண்மை, பிறகு நகராட்சி, டிக்கெட், நன்கொடை. உங்கள் ஐயாயிரங்களை வெளிக் கலைஞர் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஃப்ளெக்ஸுக்கும் சவுண்டு செட்டுக்கும் வேண்டாம். ஒரே ஒருத்தர் போதும், மூன்று மாசம் ஊரில் தங்கட்டும்.

---

அரைக்கால்சட்டை:

குறுக்கே வருகிறேன். ஹெக்கோடு போயிருக்கிறீர்களா யாராவது? ஷிவமொக்கா மாவட்டத்தில் பாக்குத் தோப்புக்கு நடுவில் ஒரு கிராமம். நீநாசம் நாடகக் குழு 1949-இல் ஆரம்பித்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான கே.வி.சுப்பண்ணாவுக்கு 1991-இல் மகசேசே விருது. ஊர்க்காரர் ராத்திரி வேட்டியோடு வந்து ஷேக்ஸ்பியர் பார்த்துவிட்டு, காலையில் பாக்கு உரிக்கப் போகிறார். அங்கே திருவிழாவைவிட, வருஷம் முழுக்க நாடகப் பள்ளி இருப்பதுதான் ஊரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அக்டோபரில் கலாசார முகாம் நடத்துவார்கள். நீங்கள் நாலு பேர் முதலில் அதற்குப் போய்வாருங்கள், செலவும் கம்மி.

---

ஏரிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. நேற்று குரூப்பில் இந்தத் திரியைப் போட்டேன். சுவரோவியக்காரன் கோபித்துக்கொண்டு வெளியேறி, ராத்திரியே திரும்ப வந்துவிட்டான். ஊரில் பழைய சத்துணவுக் கூடம் ஒன்று பூட்டிக் கிடக்கிறது, தெருவுக்கும் காலனிக்கும் நடுவில். தலைவரிடம் சாவி கேட்கப்போகிறோம். காலனியில் எங்கள் செட்டுப் பையன் ஒருத்தனுடைய அம்மா, "சமையல் நாங்க பாத்துக்கறோம், ஆனா எல்லாரும் இங்கயே உக்காந்து சாப்பிடணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அதில்தான் இப்போது தெருவில் பேச்சு ஓடுகிறது. எங்கள் பெரியப்பாவே இன்னும் பதில் சொல்லவில்லை.

மத்தளம் அண்ணே, முழு ராத்திரிக் கூத்து வேண்டும், வெட்டாமல். பொங்கல் கழித்து ஒரு சனிக்கிழமை கிடைக்குமா?

---

மத்தளம்:

தை கிடைக்கும், பங்குனிக்கு மேல் கேட்டால்தான் கஷ்டம், பாரதத்துக்குப் போய்விடுவோம். வாத்தியாரிடம் இப்போதே சொல்லி வைக்கிறேன். என்ன கூத்து என்று ஊரில் கேட்டுச் சொல்லுங்கள், கர்ண மோட்சமா, வேறா? பெட்ரோமாக்ஸ் தேவையில்லை, ஆனால் மைக்செட்டுக்காரன் விடியற வரைக்கும் தூங்காமல் இருக்கணும். அந்தக் கூடத்துக்கு முன்னால் களம் எவ்வளவு அகலம் என்று அளந்து போடுங்கள்.